வேப்பிலையின் முன் நின்றுவிடும் வெட்டுக்கிளி

தம்பலகாமத்து வயல் வரம்பில் குந்தியிருந்து, புல்லில் வந்து அமர்ந்த ஒரு வெட்டுக்கிளியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், அது எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை என்பது தெரியவரும். வாயின் இருபுறமும் தொங்கும், சிறு விரல் போன்ற உறுப்புகளால் இலையை வேகமாகப் பலமுறை தட்டிப் பார்த்த பிறகே அது கடிக்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த தாளுக்குத் தாவிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளில் நடப்பது உண்மையில் ஒரு பரிசோதனை.

அதற்கு முன்பே மணம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. புல் வெட்டும்போது எழும் பச்சை வாசனை போன்ற இலை மணங்களை வெட்டுக்கிளி உணர்கொம்புகளால் நுகர்கிறது. பாலைவன வெட்டுக்கிளியின் ஒவ்வோர் உணர்கொம்பிலும் மணத்தை உணரும் நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 50,000 உள்ளன. அவை தரும் செய்தி மூளையின் ஒரு பக்கத்தில் சுமார் 830 கலங்களில் திரண்டு, அங்கிருந்து மீண்டும் ஏறத்தாழ 50,000 கலங்கள் கொண்ட நினைவுப் பகுதிக்குப் பரவுகிறது. அங்கே ஒரு மணத்துக்கு மிகச் சில கலங்களே விழித்தெழுகின்றன. நல்ல உணவோடு சேர்ந்து வந்த மணத்தை வெட்டுக்கிளி பின்னர் தேடிச் செல்வது இத்தகைய நினைவினால்தான்.

ஆயினும் மணம் செடியின் அருகில் கொண்டுவந்து விடுகிறதே தவிர, உண்பதா விடுவதா என்ற முடிவு பெரும்பாலும் வாயில்தான் எடுக்கப்படுகிறது. அந்தச் சிறு விரல்களின் நுனியில் நூற்றுக்கணக்கான சுவை மயிர்கள் இலையின் மெழுகுப் படலத்தையே சுவைத்தறிகின்றன. கடித்த பின் சர்க்கரை ஊக்குகிறது, கசப்பு நிறுத்துகிறது.

நம் முற்றத்து வேம்பு இதற்குத் தெளிவான சான்று. 1959ஆம் ஆண்டு சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பசுமையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானிய பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். 1968இல் வேப்பம் விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாக இது கலந்திருந்தாலே பாலைவன வெட்டுக்கிளி உணவை விட்டு விலகும். வேம்பின் வாடைதான் அதை விரட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வாயிலுள்ள சுவைக்கலங்களே இங்கு முதன்மையானவை. எல்லா வெட்டுக்கிளிகளும் இப்படி அஞ்சுவதுமில்லை. வட அமெரிக்க இனமொன்று இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

சுவையும் நிலையானதன்று. புரதம் குறைந்த உணவையே உண்டு வந்த வெட்டுக்கிளியின் குருதியில் அமினோ அமிலங்கள் குறையும்போது, அவற்றை உணரும் சுவை மயிர்கள் கூர்மையடைந்து, புரதம் மிகுந்த இலையை நாட வைக்கின்றன. எனக்கு இதைவிட வியப்பூட்டுவது இன்னொன்று: நம் வேலியோர ஊமத்தையிலும் காணப்படும் ஹயோசயமின் என்ற நச்சுப் பொருளைத் தனித்து வாழும் பாலைவன வெட்டுக்கிளிக் குஞ்சுகள் ஒதுக்குகின்றன, கூட்டமாகத் திரண்ட குஞ்சுகளோ அதை ஏற்று உண்டு, தம்மைத் தின்ன வரும் விலங்குகளுக்கு நஞ்சாகிவிடுகின்றன.