வாடகைத்தாயா, பதிலித்தாயா?

உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக வடபழனியில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "வாடகைத்தாய்னா வாடகை எவ்வளவும்மா கேப்பாங்க?" என்றார். அவர் மேல் தவறே இல்லை. சொல் அப்படித்தான் கேட்க வைக்கிறது. ஆனால் அந்த வாடகையைப் பேசி ஏற்பாடு செய்வது இந்தியாவில் இப்போது குற்றம்.

வாடகைத்தாய்க்கு மூலமான ஆங்கிலச் சொல் 'சரகேட்' லத்தீனிலிருந்து வந்தது. 'ரோகாரே' என்றால் கேட்பது. பழைய ரோமில் பதவியில் இருந்தவர் இறந்துபோனால் அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்க மக்களின் சம்மதத்தைக் கேட்பார்கள். அதற்குப் பெயர் 'சுப்ரோகாரே'. பிறகு இங்கிலாந்தில் பிஷப்பின் பிரதிநிதியைக் குறித்து, கடைசியில் மகப்பேற்றுக்கு வந்து சேர்ந்தது. இதன் வேரில் காசு இல்லை. பிறர் இடத்தில் நிற்பதும், அதற்குக் கேட்டுப் பெறும் சம்மதமும்தான் இருக்கின்றன.

நம் சொல்லில் வாடகை வந்ததற்குக் காரணம் உண்டு. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டு நெறிகள், பிறருக்காகக் குழந்தையைச் சுமக்கும் பெண்ணுக்குப் பணம் கொடுப்பதை அனுமதித்தன. சுமப்பவர்களைப் பிரசவம் வரை விடுதியில் தங்க வைப்பதும் நடந்தது. வறுமையில் இருந்தவர்களே பெரும்பாலும் அதற்கு வந்தார்கள்.

2022 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை மாற்றியது. மருத்துவச் செலவு, 36 மாதக் காப்பீடு போன்றவை தவிர வேறு பணம் கூடாது. சுமப்பவர் திருமணமானவராக, சொந்தக் குழந்தை உள்ளவராக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அவருடைய கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. வணிகமாக நடத்துகிறவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணமில்லாமல் ஒரு பெண் பத்து மாதம் சுமக்க வேண்டும் என்பது நியாயமா என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. அது தனியாகப் பேச வேண்டியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். முட்டை ஒருவருடையது, சுமப்பது இன்னொருவர் என்ற நிலை அன்று இல்லாததால் மூன்றாவது சொல் தேவைப்படவில்லை. 'மாற்றுத்தாய்' என்றால் மாற்றாந்தாய் நினைவுக்கு வந்துவிடுகிறது. பதிலி என்றால் ஒருவர் இடத்தில் நிற்பவர். அதனால் நான் 'பதிலித்தாய்' என்றே எழுதுகிறேன். 'பதில்' உருது வழியாக வந்த அரபுச் சொல்தானே என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். வாடகையும் வடமொழி 'பாடக'த்திலிருந்து வந்ததுதான். வீட்டு வாடகைக்கு நாம் வைத்திருந்த பழைய சொல் குடிக்கூலி. வேரைவிட, சொல் இன்று என்ன அர்த்தம் தருகிறது என்பதையே நான் பார்க்கிறேன்.

சுமப்பவரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை அவருக்குப் புரியும் மொழியில் பெற வேண்டும் என்கிறது அதே சட்டம். கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்புவரை அவர் அதைத் திரும்பப் பெறலாம். சென்னையில் அந்தப் படிவம் பெரும்பாலும் தமிழில்தான் இருக்க வேண்டியிருக்கும். அதன் முதல் வரியில் வாடகை என்று இருந்தால், கையெழுத்துப் போடும் பெண் எதற்குச் சம்மதித்ததாக நினைத்துக்கொள்வாள்?