கடைப் பெயரை அடித்தால் வருகிறது, பொருளின் பெயரை அடித்தால் வருவதில்லை: புதிதாக இணையதளம் தொடங்கியவர்களுக்கு

கும்பகோணத்தில் இணையதளம் அமைத்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைக்காரர், சுவாமிமலைச் சிற்பி, திருபுவனத்துப் பட்டு வியாபாரி என்று என்னைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு தளத்துக்குப் பணம் கட்டி முடித்தவர்கள். தளம் இருக்கிறது, ஆனால் அதன் வழியாக ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை என்பதுதான் அவர்களின் குறை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் வந்த விளக்குப் பட்டறை உரிமையாளர், கைபேசியை என் மேசைமீது வைத்துவிட்டு, "கடைப் பேரை அடிச்சா முதல்ல வருது தம்பி, குத்துவிளக்குன்னு அடிச்சா பத்துப் பக்கம் தள்ளியும் காணோமே" என்றார். முதலில் வந்ததை நான் உற்றுப் பார்த்தபோது, அது அவருடைய தளமே அல்ல என்பது தெரிந்தது. கூகுள் வரைபடத்தில் யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சேர்த்து வைத்த கடைக் குறிப்பு அது. அவர் பணம் கொடுத்துச் செய்த தளம் எந்தத் தேடலிலும் வரவில்லை.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கூகுள் தேடல் கட்டத்தில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியை எழுதித் தேடுங்கள். கூகுள் தன் குறிப்பில், அதாவது தேடலுக்காக அது வைத்திருக்கும் பட்டியலில், ஏற்றி வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்த தளம் அது. அதன் அமைப்புப் பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. வேலை நடக்கும்போது அரைகுறைத் தளம் வெளியே தெரியக் கூடாது என்று அதில் டிக் போட்டவர்கள், வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டார்கள். எட்டு மாதமாக அந்தத் தளம், கடையைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் 'விடுமுறை' என்று பலகை மாட்டியதுபோல இருந்திருக்கிறது.

கூகுள் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் மூன்று படிகள். அதன் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததைத் தன் குறிப்பில் ஏற்றுகிறது. ஒருவர் தேடும்போது அந்தக் குறிப்பிலிருந்து பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. எல்லோரும் மூன்றாவது படியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் புதிய தளங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே தடுக்கி நிற்கின்றன.

வேர்ட்பிரஸ் அமைப்புப் பகுதியில் இருந்த அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அதோடு வேலை முடியவில்லை. தளத்தைத் திறந்தால் அழகான படங்கள். ஆனால் விளக்கின் உயரம், எடை, பித்தளையின் தரம், பட்டறை முகவரி எல்லாமே அச்சகத்தில் அடித்த நோட்டீஸைப் படமாக எடுத்து ஒட்டியதில்தான் இருந்தன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் முழுமையாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. பக்கத்தில் எழுத்தாகவே எழுத வேண்டும். படத்துக்கும் "அன்னம் வைத்த 3 அடி பித்தளைக் குத்துவிளக்கு" என்பதுபோல ஒரு மாற்று விளக்கம் தர வேண்டும். நம் ஊர்ப் பக்கம் இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் எழுதினால்தான் தமிழில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படும்.

அடுத்தது தலைப்பு. அவருடைய பக்கங்கள் அனைத்துக்கும் 'ஹோம்' என்பதே தலைப்பாக இருந்தது. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான் என்பதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் உள்ளதைச் சொல்லும் தனித் தலைப்பு வேண்டும். எந்தச் சொல்லில் சொல்வது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. சிற்பி 'பஞ்சலோக விக்ரகம்' என்று எழுதுகிறார், வாங்குபவர் 'ஐம்பொன் சிலை' என்று தேடுகிறார். வெளிநாட்டில் இருப்பவர் இன்றும் 'டாஞ்சூர் பெயிண்டிங்' என்றுதான் அடிக்கிறார், நம் ஓவியக் கூடத்தின் தளத்திலோ அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. இரண்டு வழக்குகளையும் வாக்கியத்துக்குள் இயல்பாக வரும்படி எழுதினால் போதும்.

சொற்களை அள்ளிக் கொட்டுவதால் பயன் இல்லை. ஒரு நிறுவனம் இந்த விளக்குப் பட்டறைக்காரரிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பக்கத்தின் நிரலில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற இடத்தில் இருநூறு சொற்களை அடைத்து வைத்திருந்தது. இணையத் தேடலில் வரிசைப்படுத்த அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. முதலிடம் உறுதி என்று எழுதிக் கொடுத்ததும் அதே நிறுவனம்தான். இயல்பான தேடல் முடிவில் முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினாலும் அது விளம்பர இடத்தில்தான் தெரியுமே தவிர, இயல்பான வரிசையை மாற்றாது. பிற தளங்களிலிருந்து இணைப்புகளைக் காசு கொடுத்து வாங்கித் தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள், அது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. இவற்றைவிட என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று: தளத்தின் முகவரியையே அவர்கள் தங்கள் பெயரில் பதிவு செய்திருந்தார்கள். அதை மீட்க இரண்டு மாதம் ஆயிற்று. உங்கள் முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

வரைபடத்தில் கிடந்த கடைக் குறிப்பை உரிமையாளர் என்ற முறையில் கோரிப் பெற்றோம். இதற்குக் கட்டணம் இல்லை. பலகையில் உள்ள பெயரை மட்டும் போட்டு, நேரமும் தொலைபேசி எண்ணும் சரிசெய்தோம். கைபேசியில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்கி ஏற்றினோம். கூகுள் இப்போது கைபேசியில் தெரியும் வடிவத்தைத்தான் படித்துக் குறிப்பில் ஏற்றுகிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அது சொல்லும் அளவு.

இவ்வளவும் செய்த மறுவாரமே அவர் தொலைபேசியில் கேட்டார், இன்னும் ஏன் வரவில்லை என்று. சில மாற்றங்களைக் கூகுள் ஓரிரு நாளில் கவனிக்கும், சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். ஆடுதுறை 43 நெல்லுக்கே 110 நாள் காத்திருப்பவர்கள் நாம். கார்த்திகைக்கு விற்க வேண்டிய விளக்கின் பக்கத்தை ஐப்பசியில் எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும், ஆடியிலேயே எழுதிவிட வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் பார்க்க வேண்டியது, கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி. எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்பதை 16 மாதக் கணக்குவரை அது வைத்திருக்கும். நான்காவது மாதம் அவருடைய கணக்கில், "5 அடி குத்துவிளக்கு எடை எவ்வளவு" என்ற தேடல் திரும்பத் திரும்ப வந்தது. பித்தளை எடைக்கு விற்கும் பொருள் என்பதால் வாங்குபவருக்கு அதுதான் முதல் கேள்வி, தளத்தில் அதற்கு விடை இல்லை. அவர் பட்டறைத் தராசில் ஒவ்வோர் அளவு விளக்கையும் அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, அன்னம் எனக் கழற்றித் தனித்தனியே எடை போட்டுக் கொடுத்தார், நான் பட்டியலாக ஏற்றினேன். விசாரணை அழைப்புகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரத் தொடங்கின.

இப்போது சர்ச் கன்சோலை அவரே திறந்து பார்க்கிறார். சென்ற வாரம் அழைத்து, "தூண்டாமணி விளக்குன்னு நாலஞ்சு பேரு தேடியிருக்காங்க தம்பி, நாம அது செய்றதில்லையே, இல்லைன்னு எழுதிடலாமா, இல்ல ஒண்ணு வார்த்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.