திரவத்துக்குள் சிக்கிய அணு

ஆந்திராவின் நகரியில் இன்டர் (நம் பிளஸ் டூ மாதிரி) படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "திடப்பொருளில் அணுக்கள் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும், வாயுவில் இஷ்டத்துக்குப் பறக்கும். திரவத்தில் என்னதான் செய்யும்? 'இரண்டுக்கும் நடுவில்' என்று புத்தகத்தில் முடித்துவிட்டார்கள்."

நியாயமான கோபம்தான். ஒழுங்கு இருந்தால் கணக்குப் போடலாம், முழுச் சுதந்திரம் இருந்தாலும் போடலாம். இரண்டும் அரைகுறையாக இருக்கும் திரவம் ஆராய்ச்சியாளர்களையே வெகுகாலம் அலைக்கழித்தது.

ஹைதராபாத்தில் 1927-இல் பிறந்த இயற்பியலாளர் அனீசுர் ரஹ்மான், 1960-இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். 1964-இல் ஆர்கான் என்ற தனிமத்தின் 864 அணுக்களைக் கணினிக்குள் விட்டு, நியூட்டன் விதிப்படி நகர்த்திப் பார்த்தார். ஒரு நொடியைக் கோடி கோடி பங்காக்கினால் வரும் ஒரு துளிதான் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம்.

அவர் கேட்ட கேள்விதான் அழகு. இப்போது ஒரு திசையில் போகும் அணுவுக்கு, சற்று நேரம் கழித்து அதே திசை வேகத்தில் எவ்வளவு மிச்சமிருக்கும்? அடர்த்தி குறைந்த வாயுவில் அது மெல்லத் தேய்ந்து பூஜ்யமாகும். திரவ ஆர்கானிலோ பூஜ்யத்தையும் தாண்டி எதிர்க்குறிக்குப் போனது. அதாவது, அணு சராசரியாக வந்த வழியே திரும்புகிறது! ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில் மாட்டிக்கொண்டவருக்கு இது புரியும். முன்னால் ஓர் எட்டு வைத்தால் கூட்டம் பின்னுக்குத் தள்ளும். பக்கத்து அணுக்கள் கட்டிய கூண்டில் மோதித் திரும்புகிறது நம் அணு. ஆனால் கூண்டின் கம்பிகளும் அணுக்களே, அவையும் சும்மா நிற்பதில்லை. எங்கோ இடுக்கு விடும், இது நழுவி அடுத்த கூண்டில் விழும். திடப்பொருளில் கூண்டு அநேகமாகக் கலையாது. திரவத்தில் கலைந்துகொண்டே இருப்பதால்தான் அது ஓடுகிறது.

1971-இல் பெல் ஆய்வகத்தின் கோட்பாட்டு வேதியியலாளர் ஃபிராங்க் ஸ்டில்லிங்கரும் ரஹ்மானும் சேர்ந்து 216 மூலக்கூறுகளைக் கொண்டு தண்ணீரையே கணக்கிட்டார்கள். டெலிபோன் கம்பெனியின் ஆய்வகம், தண்ணீரைப் பற்றி யோசிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது! இங்கே நிதி கேட்டுப் போனால் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்பதே முதல் கேள்வி.

தண்ணீர் மூலக்கூறுகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்தில் அறுந்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். மந்திரத்தை 'நினைவில் வைத்திருக்கும்' தண்ணீரைப் பாட்டிலில் விற்பவர்கள், அந்த நினைவு எந்தப் பிணைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.