ஃபுட்பால் லில்லி ஏன் இலை மட்டும் விடுகிறது?

"ஹீமாந்தஸ் என்று சொல்லி நர்சரியில் கொடுத்த கிழங்கு. போன வருடமும் இலைதான், இந்த வருடமும் இலைதான். பூ வர என்ன உரம் போடலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மே மாதம் வந்தாலே வந்துவிடும் கேள்வி இது. சுருக்கமான பதில் அவருக்குப் பிடிக்காது: இந்த மே மாதத்துக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. இந்த வருடம் பூக்குமா, பூக்காதா என்பது போன வருடம் இலைகள் பச்சையாக நின்ற மாதங்களிலேயே கிழங்குக்குள் முடிவாகிவிட்டது. இப்போது போடுகிற உரம் அடுத்த வருடக் கணக்கில்தான் சேரும்.

முதலில் தொட்டியில் இருப்பது எது என்று பார்த்துவிடலாம். நம் ஊர் நர்சரிகளில் ஹீமாந்தஸ், ஃபுட்பால் லில்லி, மே ஃபிளவர் என்று பல பெயர்களில் விற்கும் சிவப்புப் பந்துப் பூ பெரும்பாலும் ஸ்கேடாக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ். முன்பு இதுவும் ஹீமாந்தஸ் பேரினத்தில்தான் இருந்தது. 1976-இல் இப் ஃப்ரீஸ், இங்கர் நூர்டால் என்ற இரு தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தை இரண்டாகப் பிரித்தார்கள். நர்சரிப் பலகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மெல்லிய இலை, நடுவில் தெளிவான நரம்பு, இலைக்காம்புகள் ஒன்றையொன்று சுற்றித் தண்டு போல் எழும்பி நின்றால் ஸ்கேடாக்ஸஸ். தடித்த, நடுநரம்பு இல்லாத இலைகள், பெரும்பாலும் இரண்டே இரண்டு, எதிரெதிர்ப் பக்கமாக விரிந்து கிடந்தால் அசல் ஹீமாந்தஸ். குரோமோசோம் கணக்கும் வேறு: ஹீமாந்தஸில் 16, ஸ்கேடாக்ஸஸில் 18. அசல் ஹீமாந்தஸ் தென்னாப்பிரிக்காவையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்தது. ஸ்கேடாக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ் சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையிலும் தானாக வளர்கிறது. மழை வந்தால் எழும்பும், வறண்டால் உள்ளே ஒடுங்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். அடி அழுகிப்போன கிழங்கு ஒன்று கையில் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெங்காயமும் இதே அமரில்லிடேசி குடும்பம்தான் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது. அடியில் கெட்டியான ஒரு தட்டு. செடியின் உண்மையான தண்டு அதுதான். கீழே வேர்கள், மேலே அடுக்கடுக்காகச் சதைப்பற்றுள்ள செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு பழைய இலையின் அடிப்பகுதி. இலை காய்ந்து போகும்போது அது சமைத்த சர்க்கரை கீழே இறங்கி, இந்த அடிப்பகுதியில் மாவுச்சத்தாகத் தங்குகிறது. செதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனால் நடுவில் எங்காவது பழுப்பு நிறத்தில் நசுங்கிய பட்டை ஒன்று தட்டுப்படும். அது முந்தைய ஏதோ ஒரு வருடத்தின் பூத்தண்டு.

பூத்தண்டு எப்படிச் செதில்களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது? இந்தச் செடியின் தந்திரம் முழுவதும் அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. அடித்தட்டின் நடுவில் உள்ள வளர்நுனி முதலில் இலைகளை ஒவ்வொன்றாக உருவாக்குகிறது. சில இலைகள் ஆனதும் நுனி இலை உருவாக்குவதை நிறுத்திவிட்டு, தானே பூங்கொத்தாக மாறிவிடுகிறது. அதோடு அந்த நுனியின் ஆயுள் முடிந்தது. ஆனால் கடைசி இலையின் கக்கத்தில் ஒரு பக்க மொட்டு காத்திருக்கும். அது பொறுப்பை எடுத்துக்கொண்டு புதிய இலைகளை உருவாக்க, பூங்கொத்து ஓரத்துக்கு ஒதுக்கப்படுகிறது. பிறகு அந்தப் பக்க மொட்டும் பூவாகி முடிய, அதன் கக்கத்தில் இன்னொன்று தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கிழங்கு. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து பூவில் முடியும் தலைமுறைகளின் வரிசை. மே மாதத்தில் கவனித்துப் பாருங்கள்: பூத்தண்டு இலைக்கற்றையின் நட்டநடுவிலிருந்து வராது, ஓரத்தைத் துளைத்துக்கொண்டு வரும். காரணம் இதுதான்.

இதே குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்டது ஹிப்பியாஸ்ட்ரம், அதாவது கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் செடி. அதில் நான்கு இலைகள், ஒரு பூங்கொத்து என்பது கணக்கு. பகல் நீளமா, குட்டையா என்று அது பார்ப்பதில்லை. வளர வளரப் பூங்கொத்து உருவாகிக்கொண்டே இருக்கும். ஆனால் உருவாவது வேறு, பிழைப்பது வேறு. கையிருப்பு மாவுச்சத்து போதாவிட்டால் சில மில்லிமீட்டர் அளவிலேயே அந்தக் கொத்து உள்ளுக்குள் கருகிவிடும். வெளியே நமக்குத் தெரிவது இலை மட்டும்தான். "என் செடி பூக்கவே இல்லை" என்று வருகிற புகார்களில் பல, பூவை உருவாக்கிவிட்டு வளர்க்க வழியில்லாமல் கைவிட்ட கிழங்குகளைப் பற்றியவை. பூக்கத் தெரியாத கிழங்குகள் அல்ல அவை.

மழை இல்லாத மாதங்களைச் செடியின் தூக்கம் என்று சொல்வது வழக்கம். அது சரியான சொல் இல்லை. மண்ணுக்கு மேல் ஒன்றும் இல்லாத அந்தக் காலத்திலும் உள்ளே பூங்கொத்தின் உறுப்புகள் நிதானமாக உருப்பெற்றுக்கொண்டிருக்கின்றன. கோடை மழை வரும்போது மிச்சம் இருப்பது பெரும்பாலும் நீட்சி வேலைதான். ஏற்கெனவே இருக்கும் செல்கள் தண்ணீரை உறிஞ்சி நீள, தண்டு சரசரவென்று எழும்புகிறது. அதன் தலையில் 200 வரை சிறு பூக்கள், ஒவ்வொன்றிலும் ஆறு குறுகிய இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள். நம் கண்ணுக்குப் பந்தாகத் தெரிவதில் இதழைவிட இந்தத் தாள்களின் பங்குதான் அதிகம்.

வளர்ப்பு முறை எல்லாம் இதிலிருந்தே வருகிறது. 5 செ.மீ. குறுக்களவாவது உள்ள கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். அதைவிடச் சிறியது ஓரிரு வருடங்கள் இலை விட்டுத்தான் தேறும். எட்டு முதல் பத்து அங்குல மண் தொட்டி போதும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கழுவிய ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு அல்லது இலைமக்கு. தொட்டியின் ஓட்டையை ஓட்டுச்சில்லால் மூடி மண்ணை நிரப்புங்கள். கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் இருக்கட்டும். நர்சரியிலிருந்து வரும்போது சுற்றி இருக்கிற தேங்காய் நார்த்தூளை வேரை உடைக்காமல் உதிர்த்துவிடுங்கள். வெளியே காய்ந்தது போல் காட்டி உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் அது. ஓய்வுக் காலத்தில் கிழங்கை அழுக வைப்பதில் அதற்கு இணை இல்லை.

பூ உதிர்ந்ததிலிருந்து செப்டம்பர் வரை உள்ள காலம்தான் முக்கியம். காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்க வேண்டும். உச்சி வெயில் மெல்லிய இலையைக் கருக்கிவிடும். மேல்மண் ஒரு விரல் கணு ஆழத்துக்குக் காய்ந்ததும் தண்ணீர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். ஆகஸ்டிலிருந்து அதை நிறுத்திவிட்டு 0:0:50 என்று விற்கும் பொட்டாசியம் சல்பேட்டை அதே அளவில் கொடுங்கள். வேப்பம் புண்ணாக்கும் யூரியாவும் வாரி இறைத்தால் இலை செழிக்கும், அவ்வளவுதான். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. தானாகக் காய்ந்து கையோடு வரும்வரை விடுங்கள். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது.

அடுத்த சிக்கல் நம் வானிலை. இந்தச் செடி ஒடுங்க விரும்பும் அக்டோபரில்தான் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பும் கேரளத்தில் தரையில் நட்டே பிரமாதமாகப் பூக்கிற கிழங்கு, கிழக்குக் கடற்கரையில் டிசம்பரில் அழுகுவதற்குக் காரணம் இந்த முரண்பாடுதான். ஆகவே நம் பக்கம் தொட்டியே நல்லது. அக்டோபரில் தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். இலை காய்ந்ததும் தொட்டியைச் சன்ஷேடு அடியிலோ மாடிப்படிக்குக் கீழோ மழை படாமல் நகர்த்துங்கள். மார்ச் வரை மண்ணை ஏறக்குறையக் காயவிட வேண்டியதுதான். வேர் முழுதும் வற்றாமல் இருக்க மாதம் ஒருமுறை ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். கிழங்கை வெளியே எடுத்து வைக்கும் யோசனை வேண்டாம். இதன் தடித்த வேர்கள் ஆண்டுக்காண்டு நீடிப்பவை. தோண்டினால் அவை ஒடியும், அவற்றைத் திரும்ப வளர்க்கப் பூவுக்கான கையிருப்பு செலவாகும். மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை, அதுவும் பக்கக் கிழங்குகள் தொட்டியை நெருக்கினால் மட்டும், மார்ச் கடைசியில் மாற்றுங்கள்.

ஏப்ரலில் மொட்டின் மூக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்போது நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். வேலூர், திருச்சி வெயிலில் அந்த வாரம் மட்டும் தண்ணீர் தவறினாலும் மொட்டு நுனி கருகி நின்றுவிடும். கழுத்தை அழுத்திப் பார்த்துக் கொழகொழவென்று இருந்தால் அழுகல்; வெட்டி எடுத்து, நல்ல பகுதியை நிழலில் ஆறவிட்டு, புது மணலில் வைத்துப் பார்க்கலாம். மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கில் ஒளியும்: லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு கூட்டமாக மேயும் லில்லிப் புழு இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கும் செங்காந்தளுக்கும் பொது எதிரி. மருந்தைவிடக் கையால் பொறுக்குவது வேகமாக முடியும். கிழங்கில் லைகோரின் போன்ற நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் அம்பு நஞ்சில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைகளும் நாய், பூனைகளும் கடிக்காத இடத்தில் வையுங்கள். ராசியான செடி, வாசலில் வைத்தால் பணம் வரும் என்று விலையை ஏற்றுகிறவர்கள் இந்தத் தகவலைச் சொல்ல மாட்டார்கள்.

அசல் ஹீமாந்தஸ்தான் வேண்டும் என்றால் ஹீமாந்தஸ் அல்பிஃப்ளோஸ் வாங்குங்கள். வெள்ளைப் பூ, ஆண்டு முழுதும் பச்சை இலை, நிழலைத் தாங்கும். இதை முழுவதும் காயப்போடக் கூடாது. ஹீமாந்தஸ் காக்சினியஸ் பார்க்க அபாரமாக இருக்கும், ஆனால் அது தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் பெய்யும் குளிர்கால மழைக்குப் பழகியது: குளிரில் இலை, வறண்ட கோடையில் ஓய்வு, இலையுதிர் காலத்தில் இலைக்கு முன் பூ. நம் சமவெளியில் அதற்குப் பணம் செலவழிப்பது வீண்.

பூ காய்ந்தபின் சிவப்புப் பழங்கள் பிடித்தால் விதையிலிருந்தும் வளர்க்கலாம். இந்த விதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களில் போலந்தின் கிராக்கோவ் நகரில் ஆந்திரே பாயெர், யாத்விகா மொலே-பாயெர் என்ற ஆய்வாளர் தம்பதி, அப்போது ஹீமாந்தஸ் காத்தரினே என்று அழைக்கப்பட்ட இதன் நெருங்கிய உறவின் பிஞ்சு விதையைக் கிள்ளி, உள்ளிருக்கும் முளைசூழ்தசையை, அதாவது கருவுக்கு உணவாகும் திசுவை, கண்ணாடித் துண்டில் பரப்பினார்கள். அந்தச் செல்களுக்கு அந்தப் பருவத்தில் சுவர் இல்லை, குரோமோசோம்களோ பெரியவை. ஆகவே உயிரோடு இருக்கும் தாவரச் செல் இரண்டாகப் பிரிவதை அப்படியே படம்பிடிக்க முடிந்தது. குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகள் நிஜமா, சாயம் ஏற்றும்போது உண்டாகும் மாயையா என்ற பழைய சந்தேகத்தைத் தீர்த்ததில் செல் ஆய்வாளர் ஷின்யா இனுவேயும் பாயெரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பங்கு உண்டு. புற்றுநோய் மருந்தான டாக்ஸால் அந்த இழைகளை என்ன செய்கிறது என்பதையும் பின்னாளில் இதே விதையில் பார்த்தார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு (செங்காந்தள்) விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளும் அதே இழைகளைத்தான் குலைக்கிறது. தோட்டச் செடியின் பிஞ்சைக் கிள்ளிப் பார்க்க நிதி கேட்டால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற பத்தியை முதலில் நிரப்பச் சொல்லும் விண்ணப்பங்களில் இந்த ஆராய்ச்சி தேறியிருக்குமா என்பது சந்தேகம்.

விதையைக் காயவைத்துச் சேமிக்க நினைக்காதீர்கள், செத்துவிடும். பழம் நன்றாகச் சிவந்து மெத்தென்று ஆனதும் சதையைக் கழுவி நீக்கி, ஈர மணல் மேல் பாதி தெரியும்படி அழுத்தி, நிழலில் வையுங்கள். முதலில் வேர் இறங்கும், பிறகு மண்ணுக்கடியில் ஒரு குட்டிக் கிழங்கு திரளும், அதற்குப் பிறகுதான் இலை. முதல் ஓய்வுக் காலத்தில் மட்டும் அதை முழுதாகக் காயப்போடாமல் லேசான ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். பூவை மூன்று, நான்கு வருடங்களுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம்.