பச்சை குத்திய கையோடு தொழலாமா? ஒரு தோல் மருத்துவர் பார்த்தவை

முழங்கைக்குக் கீழே ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அந்த இளைஞர் வந்தார். துணியை எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெள்ளையாக வெந்து, நடுவில் கறுத்துப் போயிருந்தது. அந்த வேக்காட்டுக்கு அடியில், கல்லூரி நாட்களில் குத்திய ஒரு பெயரின் எழுத்துகள் அப்படியே தெரிந்தன. மருவைக் கரைக்கும் திராவகத்தை இணையத்தில் வாங்கித் தடவியிருக்கிறார். முதல் இரவில் போகவில்லை என்று அடுத்தடுத்து மூன்று இரவுகள் தடவியிருக்கிறார். மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. "இதோட கஃபாவுக்கு முன்னால எப்படி நிக்கிறது டாக்டர்? என் ஒளுவே கூடாதுன்னு சொல்றாங்க" என்றார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவதுதான் ஒளு. பச்சை இருந்தால் அது நிறைவேறாது என்பது அவர் பயம். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(இந்தக் கட்டுரையில் வரும் நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நானும் இதே சமூகத்தில் பிறந்தவள். இப்படிப்பட்ட காயங்களை ஒன்றிரண்டு அல்ல, வருடக்கணக்கில் பார்த்துவிட்டேன். திராவகம், உப்பை வைத்துத் தேய்த்தல், பூண்டு அரைத்துக் கட்டுதல், சூடு வைத்தல் என்று விதவிதமாக. எல்லாவற்றிலும் முடிவு ஒன்றுதான். தோல் போய்விடுகிறது, மை அங்கேயே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கத் தீர்ப்பை மாற்றிச் சொல்ல நான் வரவில்லை. அது என் வேலை இல்லை. பச்சை குத்திவிடுபவளையும் குத்திக்கொள்பவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக வரும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அதை வைத்து சன்னி அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இது ஹராம் என்றே சொல்கிறார்கள். ஷியா அறிஞர்களில் பலர் இந்த அளவு கடுமையாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் முஸ்லிம்கள் மத்தியில் பச்சை என்பதே இருந்ததில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அல்ஜீரியா, மொராக்கோவின் மலைப்பகுதிகளில் அமாசிக் இனத்து மூதாட்டிகளின் நெற்றியிலும் தாடையிலும் பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் உண்டு. துருக்கியின் தென்கிழக்கில் வயதான குர்தியப் பெண்கள் பலருக்கும் முகத்திலும் கையிலும் இருக்கிறது. விளக்குக்கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்துவார்கள். 'தெக்' என்று அதற்குப் பெயர். அவர்களும் தொழுது, நோன்பு வைத்து வாழ்ந்தவர்கள்தான். அவர்களுடைய பேத்திகள் காலத்தில் அந்த வழக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது.

சரி, ஏற்கெனவே குத்திக்கொண்டவர் என்ன செய்வது? அறியாத வயதில் குத்தியவர், இஸ்லாத்துக்கு வருவதற்கு முன்பே குத்தியவர், சேர்க்கை சரியில்லாமல் குத்தியவர் என்று எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டுத் தெரிந்துகொண்ட வரையில், அகற்றியாக வேண்டும் என்று சொல்லும் கடுமையான கருத்தில்கூட, சன்னி சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபியின் பழைய நூல்களிலேயே, ஒரு நிபந்தனை இருக்கிறது. அகற்றினால் உறுப்புக்குக் கேடு வரும், தீங்கு உண்டாகும் என்ற பயம் இருந்தால் அகற்றுவது கடமை இல்லை. மனம் வருந்தி தவ்பா செய்தால் (இறைவனிடம் மன்னிப்புத் தேடினால்) போதும்.

இந்த நிபந்தனையைக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தீங்கு வருமா வராதா என்பதை யார் சொல்வது? அது மருத்துவக் கேள்வி. பச்சை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, என்ன நிறம், அந்தத் தோல் தழும்பு ஏறக்கூடியதா, அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா, எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதாவது தீர்ப்பின் நடுவிலேயே மருத்துவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த நாற்காலிப் பக்கம் வராமலேயே திராவகத்தைத் தேடிப் போகிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது ஒளு. "மை தண்ணீரைத் தடுக்கும், அதனால் ஒளு கூடாது" என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு வருடமாகத் தொழாமலேயே இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தோலின் அமைப்பைச் சொன்னால் இது தானாகப் புரிந்துவிடும். நம் தோலில் மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு. மேல் அடுக்கு ஓயாமல் உதிர்ந்து, ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. பச்சைக் குத்தலின் ஊசி மையைக் கீழ் அடுக்கில், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் விடுகிறது. அங்கே நம் உடம்பின் காவல் செல்கள் மையை விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறந்தால் பக்கத்துச் செல் வாங்கிக்கொள்கிறது. பச்சை ஆயுளுக்கும் நிற்பது இதனால்தான். ஆக, மைக்கு மேலே இருப்பது உங்கள் சொந்தத் தோல்தான். ஒளுவின் தண்ணீர் அதன்மேல்தான் படுகிறது, பச்சை குத்தாதவருக்குப் படுவது போலவே. தண்ணீரைத் தடுப்பது தோலின் மேல் படலமாக ஒட்டும் பொருள்தான்: நகப்பூச்சு, ஒட்டுப் படப் பச்சை போன்றவை. இதை நான் விளக்கியபின், அந்தப் பெண் தன் ஊர் ஆலிமிடம் போய் இதே விளக்கத்தைச் சொல்லிக் கேட்டார். குத்தியது தவறு, அதற்கு மன்னிப்புத் தேடு, தொழுகை கூடும், விட்ட தொழுகையைத் தொடங்கு என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் ஒரு தவறான வாக்கியத்தால் போனது.

ஒளித்து வைப்பதால் வரும் கேடு இன்னும் பெரியது. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பவர்கள் முறையான கூடத்துக்குப் போவதில்லை. நண்பனின் அறையில், இணையத்தில் வாங்கிய இயந்திரத்தில், ஒரே ஊசியில் இரண்டு மூன்று பேர் குத்திக்கொள்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி இரண்டும் அந்த ஊசி வழியாகப் பரவும். பல வருடம் அறிகுறியே இல்லாமல் ஈரலைக் கெடுக்கும். அப்புறம், காயம் சீழ் வைத்தாலும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிடுகிறார்கள். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்து, ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு வந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்.

சில தொற்று உடனே தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, மை உள்ள இடத்தில் மட்டும் சிறுசிறு சிவந்த கட்டிகள் எழும்பும். இதற்குக் காரணம் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக்காரக் கிருமி. கெட்டுப்போன மையிலோ, மையைக் கலக்கச் சேர்த்த குழாய்த் தண்ணீரிலோ இருக்கும். 2011 கடைசியில் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு இது வந்தது. முன்பே நீர்த்து அடைத்து வந்த சாம்பல் நிற மைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சாதாரணச் சீழ் மாத்திரைக்கு இது அடங்காது. வேறு மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். வீட்டில் சொல்லாமல் மாதக்கணக்கில் மருந்து எப்படிச் சாப்பிடுவது?

பச்சை கூடாது என்று ஒதுங்கும் குடும்பங்களிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை யாரும் பச்சையோடு சேர்த்து நினைப்பதில்லை. அதுதான் 'கறுப்பு மருதாணி'. மருதாணி ஆகுமான அலங்காரம், அதனால் ஆபத்தில்லை என்று எண்ணிப் பிள்ளைகளுக்கும் போட்டுவிடுகிறோம். நிஜ மருதாணி கறுக்காது. முதலில் ஆரஞ்சாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகும். பிடிக்கப் பல மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்துக்குள் கரேலென்று பிடிக்கிறது என்றால் அதில் முடிச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, போட்ட பூ வடிவத்திலேயே கையில் நீர்க்கொப்புளம் எழும்பி வந்தது. கொப்புளம் ஆறியது, பூ வடிவில் வெளுத்த தழும்பு நின்றுவிட்டது. அதைவிடக் கவலை, அவளுடைய உடம்பு அந்த ரசாயனத்தை இனி மறக்காது. பல வருடம் கழித்து முடிக்குச் சாயம் பூசினாலும் முகம் வீங்கலாம். கூம்பில் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாவிட்டால் வாங்காதீர்கள். கைக்குழந்தைக்கு நிஜ மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கலாம்.

புருவத்துக்குச் செய்யும் மைக்ரோபிளேடிங்கும் இதே கதை. கத்திபோன்ற சிறு ஊசியால் கீறி நிறமியை உள்ளே விடுவது. பெயர் எதுவாக இருந்தாலும் தோலைப் பொறுத்தவரை அது பச்சைதான். "டாட்டூ இல்ல டாக்டர், வெறும் புருவம்தான்" என்று சொன்னவர்களிடம் நான் இதை விளக்கியபோது அதிர்ந்து போனார்கள். செய்வதற்கு முன்னால் தெரிந்திருந்தால் அவர்களே முடிவு எடுத்திருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் கதிர் பட வேண்டும் என்பதற்காகக் கடுகளவு மைப்புள்ளிகளைத் தோலில் வைப்பது பல இடங்களில் வழக்கம். ஒரு வயதான பெண்மணி அந்தப் புள்ளிக்குப் பயந்து சிகிச்சையையே தள்ளிப்போட்டிருந்தார். "மையித்தைக் குளிப்பாட்டும்போது பாக்கிறவங்க என்ன நெனப்பாங்கம்மா?" என்று, தான் இறந்தபின் உடலைக் குளிப்பாட்டுவதை நினைத்து என்னிடம் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சிகிச்சைக்காக வைக்கும் குறியை அறிஞர்கள் அலங்காரத்தோடு சேர்ப்பதில்லை என்பதைத் தகுந்த ஆலிமிடம் கேட்டுச் சொன்னோம். மனம் ஒப்பவில்லை என்றால் புள்ளி இல்லாமல் குறி வைக்கும் முறைகளும் இருக்கின்றன, கதிர்வீச்சுப் பிரிவில் கேட்கலாம். வெண்புள்ளிக்கு நிறம் ஏற்றுவது, அறுவைசிகிச்சைக்குப் பிறகு மார்புக்காம்புக்கு நிறம் கொடுப்பது ஆகியவற்றிலும் இதே தயக்கத்தைப் பார்க்கிறேன். தயங்குவது தப்பில்லை. தயக்கத்தை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சிகிச்சையை விட்டுவிடுவதுதான் தப்பு.

அகற்ற விரும்புகிறவர்களுக்கு இன்றைக்கு நல்ல வழி லேசர். அது மையைச் சிறு துகள்களாக உடைக்கிறது, உடம்பு அவற்றை மெல்ல வெளியேற்றுகிறது. மெல்ல என்பதுதான் முக்கியம். ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும். தொழில்முறைப் பச்சைக்கு எட்டு, பத்து அமர்வுகூட ஆகலாம். வீட்டில் குத்தியது பெரும்பாலும் குறைவான அமர்வில் போகும். கறுப்பு மை சுலபமாகப் போகும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதம் பிடிக்கும். வெள்ளையும் தோல் நிறமும் லேசர் பட்டதும் கறுத்துவிடக்கூடும், புருவ நிறமியிலும் அப்படி நடக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. தவறான லேசர் போட்டால் மை போன இடத்தில் தோலின் நிறமும் சேர்ந்து போய்விடும். அழகு நிலையத்தில் செய்கிறார்கள் என்று போய்விடாமல், எந்த லேசர், உங்கள் நிறத் தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுவோம். முழுதாகப் போகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். சிலருக்கு நிழல் போல ஒன்று நிற்கும்.

அந்த இளைஞருக்கு அப்போது லேசர் செய்ய முடியவில்லை. வெந்த தோலின் மேல் லேசர் கூடாது. கட்டுப் போட்டு, ஆறவைத்து, அந்தக் கையோடுதான் உம்ராவுக்குப் போய்வந்தார். தழும்பு மேடேறியதால் அதற்குத் தனியாக ஊசி போட்டோம். ஒரு வருடம் கழித்துத்தான் லேசரைத் தொடங்கினோம். நேராக வந்திருந்தால் அந்த ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதி போயிருக்கும். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "வாப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டுப் போகச் சொல்வார்னு பயம்" என்றார். வாப்பா அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பெற்றோருக்கும் பள்ளிவாசலில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். கூடாது என்று சொல்லுங்கள், தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே, செய்துவிட்டால் என்னிடம் வந்து காட்டு, டாக்டரிடம் போவோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். கையில் பச்சையோடு ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) வந்து நிற்கும் புதியவரை உற்றுப் பார்க்காதீர்கள். அவர் எந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கே வந்து நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

வீட்டில் யாராவது ஏற்கெனவே திராவகம் தடவிவிட்டிருந்தால்: உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். வெண்ணெய், பற்பசை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தடவிய பாட்டிலையும் கையோடு எடுத்து வந்தால் எந்த ரசாயனம் என்று தேடும் நேரம் மிச்சமாகும்.