சிறுகள்ளிகளின் குளிர்கால ஓய்வு

அழுகிய கள்ளியை என்னிடம் கொண்டுவருவோரில் பலரும், "தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே" என்றுதான் சொல்கிறார்கள். அந்த அக்கறையே செடியைக் கொன்றது என்று விளக்க நேரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரெபூட்டியா, லோபிவியா ஆகிய சிறுகள்ளிகள் பொலிவியாவிலும் வடமேற்கு அர்ஜென்டினாவிலும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் பாறையிடுக்குகளில் வளர்பவை. லோபிவியா என்ற பெயரே பொலிவியாவின் எழுத்துகளை இடம்மாற்றி அமைத்ததாகும். அங்கே மழை கோடையில் பெய்கிறது; குளிர்காலமோ சுள்ளென்ற வெயிற்பகலும் உறைபனி இரவுமாக, ஏறக்குறைய நீரே இல்லாமல் கழிகிறது. அம்மாதங்களில் செடி சுருங்கித் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அதைக் கண்டு வாடிவிட்டதென அஞ்சி நீர் ஊற்றுவதுதான் வளர்ப்போர் செய்யும் பெரும்பிழை. குளிரில் வேர்கள் நீரை உறிஞ்சாமல் இருப்பதால், ஈரம் மண்ணிலேயே தங்கி அழுகலுக்கு வழிசெய்கிறது. வெதுவெதுப்பான அறையில் நீரும் பெற்று வளரும் செடி பிழைத்துக்கொண்டாலும், வெளிறி நீண்டு, பூக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

எனவே குளிர்காலம் தொடங்கியதும் நீரை முற்றிலும் நிறுத்தி, 5 முதல் 10 பாகை செல்சியஸ் வெப்பமும் நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் செடியை வையுங்கள். அத்தனை குளிர் கிடைக்காத இடங்களில், இருப்பதிலேயே குளிர்ந்த, வெளிச்சமான மூலையும் வறண்ட மண்ணுமாவது வேண்டும். ஜிம்னோகாலிசியம் என்ற மற்றொரு சிறுகள்ளி தாழ்நிலங்களிலும் வளரும் இனமாதலால் அதற்குச் சற்றுக் கூடுதல் வெப்பமும், கோடையில் மென்னிழலும் நல்லது.

மண்கலவையில் பாதிக்கு மேல் நுரைக்கல், பருமணல் போன்றவை இருக்கட்டும். தொட்டி மாற்றும்போது வேர்களில் பஞ்சுபோல் வெண்மை தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுதும் கழுவி நீக்காமல் மறுநடவு செய்யாதீர்கள்.

இளவேனில் நெருங்கும்போதுதான் பொறுமை மிகவும் தேவைப்படுகிறது. ரெபூட்டியாவின் அடிப்பகுதியில் முட்களுக்கிடையே சிறு புள்ளிகள் தோன்றியதுமே மகிழ்ந்து நீர் ஊற்றினால், அவை மொட்டாகாமல் பக்கக்கன்றுகளாக மாறிவிடக்கூடும். இதை நானே தொடக்கக் காலத்தில் செய்து, ஓராண்டுப் பூக்களை இழந்திருக்கிறேன். புள்ளிகள் தடித்து, பூமொட்டுதான் என்பது ஐயமின்றித் தெரிந்த பிறகு முதலில் இலேசாகத் தெளித்து, ஒரு வாரம் கழித்து மண் நனையும்படி ஊற்றுங்கள்.