மியாகோ: தலைநகரமா, கோநகரா?

‘எடோ காலத்தில் ஜப்பானுக்கு மூன்று தலைநகரங்கள் இருந்தன’ என்ற வரியை மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். கியோட்டோ, எடோ (இன்றைய டோக்கியோ), ஒசாகா மூன்றையும் சேர்த்து ஜப்பானியர் ‘சன்டோ’ என்பார்கள். அதைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். ஒசாகா அப்போது வணிகர்களின் ஊர், நாட்டின் அரிசி வந்து குவிந்த இடம். அது எப்படித் தலைநகரம் ஆகும்?

சன்டோவில் உள்ள ‘டோ’ என்ற எழுத்தைத் தனியாக ‘மியாகோ’ என்று படிப்பார்கள். மியா என்றால் அரண்மனை, கோ என்றால் இடம். கடவுள் குடியிருக்கும் இடமும் மியாதான். பழந்தமிழில் அரண்மனையையும் இன்று ஆலயத்தையும் குறிக்கிற நம் ‘கோயில்’ போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, மியாகோ அரசர் உறையும் ஊர். அதற்குக் ‘கோநகர்’ என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது. பிற்பாடு அந்த எழுத்துக்குப் பெருநகரம் என்ற பொருளும் வந்தது. ஆகவே சன்டோவை ‘மூன்று மாநகரங்கள்’ என்றால் போதும்.

சரி, எடோவைத் தலைநகரம் என்கிறவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. 1603இல் தொக்குகாவா இயேயாசு ஷோகன், அதாவது பேரரசர் பெயரில் நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனதிலிருந்து அதிகாரம் அங்கேதான் இருந்தது. 1635 முதல் டைமியோக்கள் என்ற வட்டாரப் பிரபுக்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்க வேண்டும் என்ற சட்டமும் இருந்தது. ஊர் பெருத்து 18ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியது. ஆனால் பேரரசர் 794 முதல் இருந்த கியோட்டோவை விட்டு நகரவில்லை. ஷோகன் பட்டமும் அவர் கொடுத்துத்தான் வர வேண்டும். ஜப்பானிய வழக்கில் கியோட்டோவுக்குப் போவது ‘ஏறுவது’, அங்கிருந்து எடோவுக்கு வருவது ‘இறங்குவது’. கியோட்டோ, ஒசாகா பக்கமிருந்து எடோவுக்கு வந்த உயர்ந்த சரக்குக்கே ‘இறங்கிய பொருள்’ என்று பெயர்.

இரண்டையும் ‘தலைநகரம்’ என்றே எழுதினால் வரலாறு குழம்பிவிடும். 1634இல் இயேமித்சு போன பிறகு 1863இல் இயேமோச்சி போகும்வரை எந்த ஷோகனும் பதவியில் இருக்கும்போது கியோட்டோவில் கால் வைக்கவில்லை. அந்த 1863 பயணத்தை நான் படித்த மொழிபெயர்ப்பில் ‘ஷோகன் தலைநகருக்குச் சென்றார்’ என்று எழுதியிருக்கிறார்கள். எடோவையும் தலைநகர் என்று நாற்பது பக்கமாகப் படித்துவந்தவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருந்திருக்கும், அப்படியே இறக்கிவிட்டார்கள். ஜப்பானிய மூலத்தில் என்ன சொல் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

எடோவை ‘ஆட்சி நகர்’ என்று சொல்லலாம். 1868இல்தான் அதற்கு டோக்கியோ என்று பெயர் மாறியது: டோ (சன்டோவில் உள்ளது அல்ல, வேறு எழுத்து) கிழக்கு, கியோ கோநகர். கீழைக் கோநகர்.